தயங்கித் தயங்கி என்றால் எத்தனை அடி?

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டுக் கழிவறை. அங்கேதான் ஒளிந்துகொண்டிருந்தேன். பின்பக்கத்துப் பட்டறையில் முந்தின நாள் பாதிப் பலகையில் நின்றுபோன ரம்பத்தை என் மனைவி முறைத்துக்கொண்டிருந்தாள். மாடியில் கரண்ட்காரர் நான்காவது தடவையாக வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். தப்பு யார் மேல் என்று தெரிந்த ஒரே ஆள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "சரி, இதை ஒரு கதையாக எழுதிவிடலாம்" என்று முடிவு செய்தான்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை எழுதி வைத்தால் பாதி சொன்ன மாதிரி என்று எனக்கொரு நம்பிக்கை. இருபது வருடமாகப் பிழைப்பே இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி மொட்டைமாடியைத் தழுவிய அந்த இனிய காலை வேளையில்—"

வேண்டாம். இப்படி எழுதிப் பழகிய கையால்தான் இத்தனை வினையும். அது பின்னால் வரும்.

இரண்டாம் முயற்சி: "ஒரு ஊரில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார்."

கதாநாயகன் என் சாயலில் இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்தால் நிழலை டேப் வைத்து அளந்திருப்பார். கதை இரண்டாம் பக்கத்தில் முடிந்து எல்லோரும் சௌக்கியமாக இருந்திருப்பார்கள். ஆகவே வேறு வழியில்லை, கதாநாயகன் எழுத்தாளர்தான். ஆனால் அது நான் இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

மூன்றாம் முயற்சி: "எழுத்தாளரின் மனைவி பதினோரு வருடம் இன்னொருவர் பட்டறையில் மரவேலை செய்தவள்."

இது நிற்கும். உண்மையாக இருப்பதால் நிற்கிறது போலிருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

3

அந்தப் பதினோராம் வருடத்தின் முடிவில் ஒரு நாள் அவள் தலைமுடியில் மரத்தூளோடு வந்து நின்றாள்.

"நம்ம பின்பக்கத்து இடத்துல நானே பட்டறை போடப்போறேன்."

"போடேன்" என்றார் எழுத்தாளர்.

"மாடியில இருக்கிற நாலு சோலார் பேனல் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் காணும். ரம்பம் ஓடணும்னா இன்னும் எட்டு போடணும்."

"போடேன்."

"நான் சொல்றது எதாவது காதுல விழுதா?"

"போடேன்."

[உரையாடல் மிகைப்படுத்தப்பட்டது என்று யாராவது நினைத்தால், என் மனைவி சாட்சி சொல்வாள். அதாவது, அவருடைய மனைவி.]

தெருவில் வரும் மின்சாரத்துக்கு மோட்டாரைச் சுழற்றத் தெம்பு கிடையாது. மிக்சி போட்டாலே லைட் கண்ணைச் சுருக்கும். அதனால் வெயிலை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. கரண்ட்காரரைக் கூப்பிட்டாள். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். மாடி முழுக்க நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பழைய நாலு பேனலும் பேட்டரியும் வீட்டுக்கே இருக்கட்டும்க்கா. புது எட்டும் பட்டறைக்கு மட்டும். வெயில் அடிக்கும், மெஷின் ஓடும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. எட்டையும் ஒரே சரமா கோக்கிறோம். அதுல ரெண்டு மேல நிழல் விழுந்தாலே மொத்தமும் சோர்ந்துபோகும்."

மாடியில் நிழல் தரக்கூடியது ஒன்றே ஒன்று. மேற்குப் பக்கம் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. ஆனால் அது மழை வாரம். வானம் மூடிக் கிடந்தது, நிழலே இல்லை. கரண்ட்காரர் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுத்தாளரிடம் நீட்டினார்.

"வெயில் வந்ததும் மணிக்கொரு தடவை மேல போய் தொட்டி நிழல் எத்தனை அடி விழுதுன்னு அளந்து எழுதிடுங்க சார். மூணு நாள் போதும். நீங்க வீட்லதான இருக்கீங்க.*"

(*எழுத்தாளன் தன் ஆயுளில் அதிகம் கேட்கும் வாக்கியம். விருதுப் பட்டியலில் பெயர் வாசிப்பதைவிட அதிகம். பட்டியலில் தன் பெயரைச் சில பேர் கேட்டதே இல்லை. நானும்தான்.)

4

வெயில் வந்தது. எழுத்தாளர் டேப்பும் சாக்பீஸுமாக ஒன்பது மணிக்கு ஏறினார், அளந்தார், எழுதினார். பத்து மணிக்கு ஏறினார், அளந்தார், எழுதினார். இறங்கி வரும்போது ஏழாவது படியில் ஒரு சிறுகதையின் முதல் வரி தோன்றியது.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஐந்தரை.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாலை கரண்ட்காரர் தாளை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். எழுத்தாளர் மேஜையில் உட்கார்ந்து, மிச்சக் கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பினார். அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது:

ஒன்பது மணி: மேற்கே ஏழடி.
பத்து மணி: மேற்கே நாலடி.
பன்னிரண்டு மணி: நிழல் தொட்டியின் காலடியில் சுருண்டு படுத்திருக்கிறது.
மூன்று மணி: நிழல் தயங்கித் தயங்கிக் கிழக்கே நகர்கிறது.

[படிக்கும்போது இப்போதும் ஒரு நிமிடம் பெருமையாக இருக்கிறது. என்னை என்ன செய்வது?]

கரண்ட்காரர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"சார், தயங்கித் தயங்கின்னா எத்தனை அடி?"

"ரெண்டடி" என்றார் எழுத்தாளர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"காலையில ஒம்பது மணிக்கு ஏழடி இருக்கு. மூணு மணிக்கு வெறும் ரெண்டடியா?"

"மூணு தடவை அளந்தேனே."

கரண்ட்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரி சார். நீங்க எழுதுற ஆளு. கண்ணால பார்க்காமலா எழுதப்போறீங்க" என்று தாளை மடித்துச் சாக்பீஸ் இருந்த பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

என் எழுத்தை இவ்வளவு நம்பிய வாசகர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

5

தொட்டிக்குக் கிழக்கே மூன்றடி தள்ளிப் பேனல்கள் ஏறின. கீழே பட்டறை எழுந்தது. தகரக் கூரை, நீள மேஜை, ரம்பம், இழைக்கும் மெஷின், சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் உளிகள். முதல் ஆர்டரும் வந்தது: புதிதாகத் திறக்கப்போகும் மழலையர் பள்ளிக்கு முப்பது குட்டி நாற்காலிகள். குழந்தைகள் இடித்துக்கொள்ளாதபடி மூலையெல்லாம் உருட்டி இழைத்துத் தர வேண்டும். வரும் திங்கட்கிழமை பள்ளி திறப்பு.

காலையில் ரம்பம் பாடிக்கொண்டு ஓடும். மூன்று மணி வாக்கில் பலகை நடுவில் முனகும், நிற்கும். மரம் கருகின வாசனை அடுப்படி வரை வரும். தினமும்.

கரண்ட்காரர் மற்ற வேலைகளுக்குப் போகும் வழியில் காலை எட்டு மணிக்கு வருவார். அந்த நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடும். நோயாளி டாக்டர் முன்னால் மட்டும் தெம்பாக இருப்பது மாதிரி. திருகாணியை இறுக்கினார். வயரை மாற்றினார். இன்வெர்ட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து கொண்டுவந்தார்.

"நிழல் எதுவும் விழலையே சார்?"

"தாளில் இருக்கிறதே" என்றார் எழுத்தாளர்.

இதுவரை எழுத்தாளருக்கும் விஷயம் முழுதாகத் தெரியாது. அரைகுறைச் சந்தேகத்தைப் போர்த்திப் படுக்கவைத்திருந்தார். ஆனால் இரண்டாவது வருகைக்கு மறுநாள் மதியம் துண்டு காயப்போட மாடிக்குப் போனேன் — போனார் — போனேன். தொட்டியின் நிழல் இரண்டு புதுப் பேனல்களின் மேல் சொந்த வீடு மாதிரி கால் நீட்டிப் படுத்திருந்தது. தயக்கமெல்லாம் ஒன்றும் இல்லை.

கீழே வந்து சொல்லியிருக்கலாம். பேனலைத் தள்ளிப் போடுவது அரை நாள் வேலை. நான் துண்டைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அது நடந்து ஆறு நாள் ஆகிறது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நடமாடுகிறேன்.

நேற்று மனைவி சொன்னாள்: "எதிர்வீட்டு டீச்சர் அவங்க மாடிக்கும் போடணும்னு கேட்டாங்க, இந்த ஆளு வேலை எப்படின்னு. நான் பொய் சொல்ல முடியுமா? சரியில்லன்னுட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்களாம்."

இன்று காலை கரண்ட்காரரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "உங்களை எவ்வளவு நம்பினேன்! பத்தொன்பது நாற்காலிதான் முடிஞ்சிருக்கு. திங்கக்கிழமை அந்தக் குழந்தைங்களைத் தரையிலயா உட்கார வைப்பாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "என் வேலையிலதான் எங்கயோ கோளாறு இருக்குக்கா. கண்டுபிடிச்சுடறேன்" என்றார்.

நான் அப்போதுதான் கழிவறைக்குப் போனேன்.

6

கரண்ட்காரர் பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் வாசகர் நம்புவாரா? கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன். ஒரு வரைவில் மட்டமான வயர் வாங்கவைத்தேன். இன்னொன்றில் சொன்ன நாளில் வராத ஆளாக்கினேன். எழுதி முடிப்பதற்குள் அவருடைய வண்டி வாசலில் வந்து நின்ற காலைகள் நினைவுக்கு வந்துவிடும். சொன்ன நேரத்துக்கு, யாரும் கேட்காமலே, தன் கைக்காசில் வாங்கிய புதுத் திருகாணிகளோடு. வில்லனாக்க ஒத்துழைக்காத மனிதரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

இந்தக் கதையில் வில்லன் இடம் காலியாக இருக்கிறது என்று எழுதப்போனேன். காலியாக இல்லை.

7

முடிவுகள். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) பெரும் புயல் அடித்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. நிழல் ஒழிந்தது. (தண்ணீருக்கு என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். இது குறியீடு.)

ஆ) கரண்ட்காரரே தன் வேலையில் ஏதோ கோளாறைக் கண்டுபிடித்து, "தப்பு என் மேலதான்" என்கிறார். எழுத்தாளர் பெருந்தன்மையோடு மன்னிக்கிறார்.

இ) எழுத்தாளருக்குக் கடும் காய்ச்சல். ஜுர வேகத்தில் உண்மையை உளறிவிடுகிறார். காய்ச்சல்காரனை யார் திட்டுவார்கள்? [காலையிலிருந்து இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.]

8

என் கதைகளின் முதல் வாசகர் என் மனைவி. மதியம் சாப்பிட்டு எழுந்ததும், மேலே உள்ள ஏழு பகுதிகளையும் பட்டறை மேஜையில் மூலைமட்டக் கருவிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவன் செய்கிற காரியம்.

ரம்பம் நின்றது. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குட்டி நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து படித்தாள். "போடேன்" வந்த இடத்தில் சிரித்தாள். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

எழுந்து டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஐந்தே நிமிடத்தில் இறங்கினாள். காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து ஏதோ எழுதினாள். தாள்களை என் கையில் கொடுத்தபோது கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"மூன்று மணி வாக்கில்" என்பதை அடித்து, "ரெண்டு நாப்பது" என்று எழுதியிருந்தாள். "தயங்கித் தயங்கி" பக்கத்தில், "அஞ்சரை அடி." அ, ஆ, இ மூன்றுக்கும் குறுக்கே ஒரே கோடு. கடைசிப் பக்கத்தின் அடியில்:

"எதிர்வீட்டுல உங்க பொய்யை நான் சொல்லியிருக்கேன். அங்க நான் போறேன். கரண்ட்காரர் வீட்டுக்கு நீங்க போங்க. கதையா சொல்லாதீங்க."

9

கரண்ட்காரர் வீடு இரண்டு தெரு தள்ளி. போகும் வழியில் தொடக்கங்கள் யோசித்தேன். "மனித மனம் இருக்கிறதே—" வேண்டாம். "எனக்குத் தெரிந்த ஒரு எழுத்தாளர்—" ஐயோ, வேண்டவே வேண்டாம்.

கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

கையில் ஒரு புது அட்டைப் பெட்டியோடு கதவைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

"வாங்க சார், நானே வரணும்னு இருந்தேன். தப்பு என் மேலதான். சரத்தைக் கோத்ததுல எங்கயோ விட்டுட்டேன். நாளைக்கு எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேருந்து போட்டுத் தரேன். அக்காகிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார், கோவிச்சுக்க வேணாம்னு."

முடிவு ஆ. வரிக்கு வரி. அவள் கோடு போட்டு அடித்த முடிவு, அட்டைப் பெட்டியும் கையுமாக என் முன்னால் வந்து நிற்கிறது. நான் தலையை ஆட்டினால் போதும்.

வாசகரே, அடுத்த வாக்கியம் என்னுடையது. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அழகுபடுத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். நாளை மதியம் சரியாக இரண்டு நாற்பதுக்கு எங்கள் தெரு வழியாக வாருங்கள். பின்பக்கம் ரம்பம் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓடினால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

ஓடவில்லையென்றால், உள்ளே வந்து கழிவறைக் கதவைத் தட்டுங்கள்.