லேமினேட் போட்ட கடிதம்

கொளஞ்சியப்பன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். லேமினேட் போட்டிருந்தது. தாள் முழுக்கக் கோழி கிளறினது போல எழுத்தும் குறியுமாகக் கிடந்தது. ஒரு சொல்கூடப் படிக்க முடியாது.

"சீட்டு கெடச்ச லட்டரு சார். நாப்பது பக்கம் வந்துச்சி. மொத பக்கத்துக்கு மட்டும் லேமினேட் போட்டுக்கினேன்."

பின்னால் அவர் மகள் அபிநயா, சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். நர்சிங் சீட். வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டியவர்கள், திங்கட்கிழமை கச்சிராயபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

கல்லூரியின் இணையதளத்தை எழுதிய புண்ணியவான் நான்தான். அட்மிஷன் முடியும்வரை உதவி மேஜையிலும் என்னையே உட்கார வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் சர்வர் கடிதத்தைத் தயாரித்துத் தனிக் கோப்பாக இறக்கித் தர வேண்டும். திரையில் இணையப் பக்கம் அப்படியே நிற்க வேண்டும். அதில்தான் 'வெள்ளி மாலை ஐந்துக்குள் நேரில் வரவும், தவறினால் இடம் அடுத்தவருக்கு' என்று சிவப்பில் இருக்கும். சில பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும் சர்வர் கடிதத்தைப் பக்கத்தின் தலையிலேயே கொட்டிவிடும்; சிவப்பு வரி மறைந்து, கடிதம் படிக்க முடியாத குறிகளாக வந்து நிற்கும். எனக்கு மே மாதமே தெரியும். சரிசெய்ய அரை நாள் போதும். மேனேஜர் தீனதயாளனிடம் சொன்னேன். "நம்ம ஆபீஸ்ல நல்லாதான வருது? அட்மிஷன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். சம்பளம் வாங்குகிற வாய்.

"வெள்ளிக்கெழமயே வரச்சொல்லி போட்டிருந்துச்சுங்க" என்றேன்.

"எங்க சார் போட்டிருக்கு?" தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கம்ப்யூட்டர் பாஷ, காலேஜ்ல படிச்சிக்குவாங்கன்னு பிரிண்ட் எடுத்துக் குடுத்த கடக்காரரு சொன்னாரு. நீங்க போன் பண்ணுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தோம்."

அபிநயாவின் இடம் சனிக்கிழமை காலையே வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு, "சிஸ்டம் ப்ராப்ளம்" என்றேன். என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

செய்ய ஒன்றுமில்லாமல் என் கம்ப்யூட்டரில் அவள் கடிதத்தை எடுத்தேன். ஒழுங்காக இறங்கியது. திரையில் பக்கம் கலையாமல் நின்றது. அபிநயா எட்டிப் பார்த்து, அந்தச் சிவப்பு வரியை உதடு அசையாமல் படித்தாள். கடிதத்தை அச்செடுத்து அவள் அப்பாவிடம் கொடுத்தேன்.

"பாப்பா பேரு எவ்ளோ நல்லா போட்டிருக்கு!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதக் காட்டி உள்ள யாரையாச்சும் கேக்கலாமா சார்? இதுக்கும் லேமினேட் போட்டுக்கினு வரட்டுங்களா?"

அபிநயா சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.