கேட்லாக்கில் பார்த்த பைப் ரெஞ்ச்

சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு வந்ததும் மாமியார் இரண்டு கைகளாலும் அந்த ஓட்டையைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சுவரோரத்து மெயின் வால்வு துருப்பிடித்து, கையால் அசைக்க முடியாமல் கிடந்தது.

"மாப்பிள்ளை, என் பெட்டியில பைப் ரெஞ்ச் இருக்கும், சட்டுனு எடுத்துட்டு வாங்க. வால்வை மூடணும்."

மோட்டார் பம்புகளைப் பழுதுபார்த்தே இரண்டு பெண்களை ஆளாக்கியவர் அவர். மருமகன் கருவிகள் விற்கும் கம்பெனியில் கேட்லாக் தயாரிப்பவர். ஸ்பேனரோ டிரில் பிட்டோ, எதைக் கேட்டாலும் நம்பரோடு ஒப்பிப்பார். காலையில் காபி ஆறும்வரை அந்தப் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

இப்போது பெட்டியைத் துழாவினார். குறுக்கே கிடந்த முழநீள இரும்பு ஒன்று இடைஞ்சலாக இருந்தது. எரிச்சலோடு அதைத் தூக்கித் தரையில் போட்டார். பிளேயர் வந்தது, சுத்தியல் வந்தது, நான்கு ஸ்பேனர்கள் வந்தன. எழுந்தவர் அந்த இரும்பிலேயே காலை இடித்துக்கொண்டார். தண்ணீர் பெட்டிவரை வந்துவிட்டது.

"இன்னுமா தேடுறீங்க?"

"இதுல இல்லைங்க அத்தை. தலைகீழா கவுத்தே பார்த்துட்டேன்."

"அப்ப இதை வந்து பிடிங்க."

மருமகன் பொத்திய நொடியில் சட்டை தொப்பலாகிவிட்டது. மாமியார் தரையில் கிடந்த அந்த இரும்பை எடுத்தார், வால்வைக் கவ்விப் பிடித்து ஒரே திருகு திருகினார். தண்ணீர் நின்றது.

"பைப் ரெஞ்சை நீங்க பார்த்ததே இல்லையா?"

மருமகன் ஓட்டையிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"தினமும் பார்க்கிறேன் அத்தை. கேட்லாக்ல எல்லா சாமானும் ஒரே விரல் நீளந்தான் இருக்கும்."