கள்ளச் சாதகமும் என் முதுகும்

கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்ததில் எனக்கு முறிந்தது முதுகெலும்புதான். வாய் முறியவில்லை. ஆகவே இந்தக் கதையை நானே சொல்கிறேன். என் மைத்துனர் ஏரம்பர் வேறு விதமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு. நீர்வேலியில் எல்லாரும் தண்ணீர் இறைக்க மெசின் வாங்கிவிட்டார்கள். வாழைக்குத் துலாவால் இறைக்கிற தண்ணீர்தான் நல்லது என்று வீம்பு பேசிக்கொண்டு, நாற்பத்தாறு வயதில் துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்தவன் நான் ஒருவன்தான். கால் சறுக்கியது. கிணற்றுக்குள் விழுந்திருந்தால் நனைந்ததோடு போயிருக்கும். கிணற்றுக்கட்டில் போய் விழுந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து ஆசுப்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது, டொக்டர் என் பெண்சாதி பூரணத்தைக் கூப்பிட்டார்.

"கால் இனி வராது, அம்மா. ஆனால் காலாலை ஆள் சாகிறேல்லை. படுக்கைப் புண்தான் கொல்லும். ராப்பகலாய் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டி விட்டால் இருபது வருசமும் இருப்பார். புரட்டாட்டி இரண்டு வருசமும் நிச்சயமில்லை."

"ஓம் ஐயா," என்றாள் பூரணம்.

ஒரு மாதம் புரட்டினாள். அடுப்பில் கிடக்கும் தோசையைக்கூட யாரும் இவ்வளவு கவனமாகப் புரட்டியிருக்கமாட்டார்கள். பாவம், நித்திரையில்லாமல் அவளுக்குக் கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய தமையன் ஏரம்பர் உதவிக்கென்று வந்து சேர்ந்தார். தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். பென்சன் எடுத்த நாள் தொடக்கம் சாத்திரம் பார்க்கிறார்.

வந்ததும் என் சாதகத்தை எடுத்து விரித்தார்.

"எண்பத்திரண்டு வயசு, நாலு மாசம்! அதுக்கு முதல் யமன் வந்து வாசலிலை நிண்டாலும் வெறுங்கையோடைதான் போகோணும். துலாவாலை விழுவார் எண்டும் இதிலை வடிவாய்க் கிடக்கு. பிறகேன் தங்கச்சி முழிச்சிருக்கிறாய்? போய்ப் படு."

பூரணம் போய்ப் படுத்தாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் என்று புரட்டல் குறைந்துபோனது.

"டொக்டர் சொன்னது உங்களுக்குக் காதிலை ஏறேல்லையே?" என்று கத்தினேன்.

"டொக்டர் இருபது வருசம் எண்டார். சாதகம் முப்பத்தாறு எண்டு சொல்லுது. கூடத் தாறவனை நம்பும், மச்சான்."

பத்தாம் நாள் காலையில் புரட்டிவிட்ட நேரம், சவரம் எடுக்கிற கண்ணாடியைக் கையில் வாங்கிச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். முதுகின் அடியில் ஐந்து சதக் குத்திக் காசளவு சிவந்து, நடுவில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. நோவு மருந்துக்கும் இல்லை. அதுதான் ஆபத்து. நான் சாகப் பயந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏரம்பரும் பார்த்தார். "சூடு. நல்லெண்ணெய் பூசினால் பறந்திடும்."

அந்தச் சாதகம் கள்ளச் சாதகம். எனக்கு எட்டில் செவ்வாய். கட்டுகிற பெண்ணைச் சாக்கொல்லும் என்று ஒரு வீட்டிலும் எனக்குப் பெண் தரவில்லை. என் அம்மான் கொடிகாமத்தில் ஒரு சாத்திரியாரைப் பிடித்து, பிறந்த நேரத்தை மூன்று மணித்தியாலம் தள்ளிப் புதிதாக எழுதுவித்தார். பழையதை அம்மா அடுப்பில் வைத்தார். பூரணத்துக்குப் பொருந்தியது இந்தப் புதியதுதான். இருபத்திரண்டு வருடமாக வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இப்போது சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

"பூரணம், உந்தச் சாதகம் என்ரையில்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏரம்பர் துள்ளி எழும்பினார்.

"என்ன விசர்க்கதை இது? துலாவாலை விழுந்தது இதிலை கிடக்குதே!"

"அப்ப எங்கையோ வேறையொருத்தன் விழுந்து கிடக்கிறான். ஓடிப்போய் அவனைத் தூக்கிவிடும்!"

பூரணம் என் பக்கம் திரும்பினாள். "உண்மைச் சாதகத்திலை எட்டிலை செவ்வாய் எண்டால், நானெல்லோ செத்திருக்கோணும்?"

"நீர் சாகேல்லைத்தானே," என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

"ஐயோ கடவுளே! என்னைச் சாகக் குடுத்துப்போட்டு, இவ்வளவு காலமும் என்ரை கையாலையே சோறு வாங்கித் திண்டிருக்கிறியள்!" பிறகு கேட்டாள்: "அதிலை உங்களுக்கு எத்தினை வயசு போட்டுக் கிடந்தது?"

"தெரியாது. அம்மா எரிச்சுப்போட்டா. இனி எனக்குச் சாதகம் எண்டு ஒண்டில்லை. இந்த முதுகு மட்டுந்தான் கிடக்கு."

அவள் கிட்ட வந்து புண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணை, வந்து காலைப் பிடியுங்கோ!"

என்னைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் புரட்டினார்கள். முகம் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை என்று விளங்கியது. எட்டு நாள் அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அலாரம் அடிக்கும். இரண்டு பேரும் வருவார்கள். மூட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டிவிட்டுப் போவார்கள். ஏரம்பர் கொட்டாவி விட்டுக்கொண்டு என் காலைப் பிடிப்பதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோசம்.

ஒன்பதாம் நாள் புண் காயத் தொடங்கியிருந்தது. மருந்து கட்டிக்கொண்டிருந்தவளிடம் மெல்லக் கேட்டேன்.

"பூரணம், என்ரை ஆயுசு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. நான் கெதியிலை போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்?"

"போவியளோ?" கட்டிலில் வந்து இருந்தாள். "இருபத்திரண்டு வருசத்துக்கு உங்களுக்கு ஏச்சும் பேச்சும் கிடக்கு. இண்டைக்குத்தான் தொடங்கப் போறன். அது முடியுமட்டும் ஒரு இடமும் போகேலாது, சொல்லிப்போட்டன்!"

தாலி கட்டின நாளிலிருந்து பேசத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் இரண்டு தரம் புரட்டியாயிற்று. பேச்சு இன்னும் கல்யாணப் பந்தலைத் தாண்டவில்லை. இந்த வேகத்தில் போனால் எனக்குச் சாவே கிடையாது என்று நினைத்தேன். அழுகை வந்தது. அதற்கும் பேச்சு விழுந்தது.