பாய்லர் பெரியவர் ஊர் இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனவர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலீஷ் பிறந்த தீவின் வடக்கு மூலையில் யார் வீட்டு வெந்நீர் பாய்லர் மக்கர் பண்ணினாலும் போன் கடல் தாண்டி எங்கள் ஆபீசுக்குத்தான் வரும். அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே நாங்களும் பேச வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. எங்கள் டிரெய்னர் எங்கிருந்தோ அங்கத்திய சுரங்கத் தொழிலாளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பேசிய ஒலிப்பதிவுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைக் கேட்டுக் கேட்டு, திருப்பிச் சொல்லிச் சொல்லி, எங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. அது அரை நூற்றாண்டுக்கு முந்திய பதிவு என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வேலையில் உட்கார்ந்த உடனேயே குட்டு வெளிப்பட்டது. "என்ன மேடம், எங்கப்பாவோட அப்பா எழுந்து வந்த மாதிரி பேசறீங்க?" என்று போனில் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே சுரங்கம் மூடி, டிவி வந்து, பிள்ளைகள் தெற்கே பிழைக்கப் போய், பேச்சே மாறிவிட்டதாம். மற்றவர்கள் அவசரமாக நாக்கை மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. வீம்பு கொஞ்சம், ஆசை மிச்சம். அந்த இங்கிலீஷில் 'நீ' உண்டு! புத்தக இங்கிலீஷ் அதை எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டு ராஜாவையும் நாய்க்குட்டியையும் 'யூ' என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறது. இவர்கள் மட்டும் வேண்டியவர்களை 'நீ' என்று கூப்பிடுவதை விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பாய்லர் பெரியவர் கூப்பிட்டார். நான் பேச ஆரம்பித்ததும் பாய்லரையே மறந்துவிட்டார்.

"எந்தத் தெரு பொண்ணும்மா நீ?" என்றார். "எங்கக்கா மாதிரியே பேசறியே."

எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது என்பது விதி. நான் அவர் ஊர்க் கீழ்த்தெருதான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அக்கா போன பிறகு அவருடைய பேச்சில் பேச ஊரில் ஆளே இல்லையாம். மகன் தெற்கே பெரிய நகரத்தில் இருக்கிறான். பேரப் பிள்ளைகளுக்கு இவர் வாயைத் திறந்தால் சிரிப்பு. அதனால் அவர் பாய்லருக்கு அடிக்கடி சளி பிடித்தது, இருமல் வந்தது. எல்லாம் எங்கள் பேச்சு முடிவதற்குள் தானாகக் குணமாகிவிடும்.

"உன் ரெண்டாவது மாமனார் சௌக்கியமா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் அடிப்பார். சிரிப்பேன். ஆனால் பெரியவர் கூப்பிடாத வாரத்தில் எனக்கு வேலையே ஓடாது.

போன மாதம் கம்பெனி புது சாஃப்ட்வேர் போட்டது. நாம் எப்படிப் பேசினாலும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது சலவை செய்த நகரத்து இங்கிலீஷாக விழும். குரலையும் கொஞ்சம் வெளுத்துவிடும். அது வந்த அன்றைக்கே பெரியவர் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்களேன். நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டு மகன்கிட்ட போறேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்."

"நான்தான் பேசறேன் ஐயா."

"இல்லம்மா, அவ எங்க ஊர்ப் பொண்ணு."

தெரிந்த அவர் ஊர்ச் சொல்லையெல்லாம் கொட்டினேன். அவருடைய அக்கா பெயரைச் சொன்னேன். அவர் எனக்குச் சொல்லியிருந்த, அவருடைய நாய் இறந்த கதையைச் சொன்னேன்.

"அதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருப்பீங்க," என்றார். கோபமில்லை, சலிப்புதான். "வயசானவன்கிட்ட விளையாடாதீங்க."

மைக்கைப் பொத்திக்கொண்டு சூப்பர்வைசரைக் கத்திக் கூப்பிட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பேர் அம்பயர். விரலைத் தூக்கினால் ஆள் அவுட்.

"சார், ஒரு நிமிஷம் அதை நிறுத்துங்க. கெஞ்சிக் கேட்கறேன்."

"என் கையில இல்லம்மா," என்றார். அன்றைக்கு அவர் விரலைக்கூடத் தூக்கவில்லை. "அங்கே தலைமை ஆபீஸ்லேயிருந்துதான் ஓட்டறாங்க."

போனுக்குத் திரும்பினேன். பெரியவர் இன்னும் காத்திருந்தார்.

"சரி, நீங்களே சொல்லிடுங்க," என்றார். "மகன் வீட்டுல நான் இப்படிப் பேச முடியாது. அவங்களுக்குப் புரியாது. இனிமே எங்க பேச்சைப் பேச அவ ஒருத்திதான் மிச்சம். விட்டுடாதேன்னு சொல்லுங்க."

என்னால் முடிந்த அளவு அவர் அக்கா மாதிரியே, "சொல்றேன் ஐயா," என்றேன்.

"ரொம்ப நன்றி மேடம்," என்று வைத்துவிட்டார்.