இடது பக்க முடிச்சு

ஒரு வேலை பழுதாகித் திரும்பி வந்தால் அதை வண்டிக்காரர் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அது சட்டம். சட்டம் போட்டவன் என் அண்ணன். மற்ற பட்டறைக்காரன் எல்லாம் உள்ளே கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பழியை வண்டி மேல் போடுவான், நாம் அப்படி இல்லை என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் மார்தட்டிக்கொள்வான்.

அதனால், செவ்வாய்க்கிழமை நான் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தபோது, சட்டம் போட்டவனே லாரிக்காரர் நிதானம் அண்ணனிடம், பிரிக்கவெல்லாம் வேண்டாம், வேறு ஆல்டர்னேட்டரே மாட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. வாசலில் அவருடைய லாரி கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு நின்றது. முன்பக்கம் ஒரு விளக்கு உடைந்து, மட்கார்டு உள்ளே மடங்கியிருந்தது. எப்போதும் என்னைப் பார்த்ததும் சிரிப்பவர் அன்றைக்குத் தரையைப் பார்த்தார்.

நிதானம் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். சைக்கிள்காரன் முந்திப் போனாலும் கையைக் காட்டி வழி விடுகிற மனிதர். இருபத்தெட்டு வருஷத்து லாரி. முதலாளி, டிரைவர், கிளீனர் எல்லாம் அவரே. டைனமோ வேலை என்று வந்தால் அண்ணன் கையை நீட்டினாலும் தரமாட்டார். தங்கச்சிகிட்ட குடு என்பார். ஆறு வாரத்துக்கு முன்னால் அந்த ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கவில்லை என்று கொண்டுவந்தபோது உள்ளே செம்புச் சுற்று முழுக்கக் கருகியிருந்தது. பழசை வெட்டி எடுத்துப் புதுசாகச் சுற்றியவள் நான்.

நடந்ததை அவர் கத்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம், மலை இறக்கம், நல்ல மழை. டீசல் என்ஜினுக்குக் கரண்ட் தேவையில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர்தான் முதலில் இழுத்து இழுத்து நின்றது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. வளைவு தெரியவில்லை. முன்சக்கரம் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் அவருடைய ஏழு வயது மகள் இருந்தாள். நெற்றியில் ஆறு தையல்.

அண்ணன் மறுபடியும் வேறு ஆல்டர்னேட்டர் பேச்சை எடுத்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னால் ஒரு குழந்தைக்கு அடிபட்டிருந்தால் எந்த இடத்தில் தவறினேன் என்று அந்தக் குழந்தையின் அப்பா முன்னாலேயே பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றேன். அவன் முகம் சுருங்கியது. என்மேல் உள்ள பரிதாபம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அவனைப் பற்றி அப்படித்தான் நினைத்துப் பழகியிருந்தேன். என் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன அந்த வருஷம், கைக்குழந்தையோடு வந்து நின்றவளை அண்ணி மேலும் கீழும் பார்த்தபோது, அண்ணன்தான் பட்டறையில் ஒரு மேஜையைத் துடைத்து, இது உன் இடம் என்றான். தூக்கிப் போட்ட ஸ்டேட்டர்களை, அதாவது ஆல்டர்னேட்டருக்குள் செம்புக் கம்பி சுற்றிய இரும்பு வளையங்களை, பிரித்துப் பிரித்துப் பார்த்துச் சுற்றக் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் சுற்றுவேன், அவன் பூட்டி வண்டியில் மாட்டுவான். அவன் கிணற்றைக் காட்டியிருந்தால் ஆழம் கேட்காமல் குதித்திருப்பேன்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளைத் திறந்து ஆல்டர்னேட்டரை எடுத்து வந்தேன். மனசுக்குள் அந்த நாளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வளையத்தில் கம்பி இறங்கும் முப்பத்தாறு காடிக்கும் பேப்பர் வைத்தேனா? வைத்தேன். சுற்றுகளை வாய்விட்டு எண்ணினேனா? எப்போதும் எண்ணுவேன், தெருவே கேட்கும். வார்னிஷில் முக்கி, சூட்டில் காயவைத்து, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் அலமாரியில் வைத்தேன். அப்புறம் எங்கே கோட்டை விட்டேன்?

திரும்பப் பூட்டும்போது மாறிவிடக்கூடாது என்று கூட்டின் இரண்டு பாதிக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு போட்டேன். நிதானம் அண்ணன் மேஜைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு நீள போல்ட்டையும் எடுத்துவிட்டுத் தட்டியதும் கூடு பிரிந்து, கருகிய வாடை குப்பென்று வந்தது. ரோட்டர் நன்றாக இருந்தது. கார்பன் தேயவில்லை. டயோடு தட்டிலும் குறையில்லை. ஸ்டேட்டர்தான் ஒரு பக்கம் கரிக்கட்டையாக இருந்தது. துணியால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

நான் பீச்சாங்கைக்காரி. இதை வைத்து டிரைவர்கள் செய்யாத கேலி இல்லை. சுற்றி முடித்ததும் கம்பிகள் ஆடாமல் இருக்க நூலால் இறுக்கிக் கட்டுவோம். நான் கட்டினால் ஒவ்வொரு முடிச்சின் வாலும் இடது பக்கம் சாயும். என் கையில் இருந்த வளையத்தில் எல்லா வாலும் வலது பக்கம் கிடந்தது. நகத்தால் கீறினேன். பளபளப்பான புது வார்னிஷ் உரிந்து, அடியில் பழைய எண்ணெய் அழுக்கு வந்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? யாரோ, எந்த ஊரிலோ, எப்போதோ சுற்றி, ஓடி ஓய்ந்து, காயலான் மூட்டைக்கு வந்த ஸ்டேட்டர் அது. கழுவிச் சாயம் பூசியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு நான் எந்தப் பக்கம் முடிச்சுப் போடுகிறேன் என்பதுகூடத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து நிதானம் அண்ணனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மகள் பேசுகிறாள் போல. குரலைத் தணித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"இது என் கை இல்ல" என்றேன்.

அண்ணன் வாசலைப் பார்த்தான். "தெரியும். மெதுவா பேசு."

மெதுவாகவே பேசினோம். அன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியின் லாரி வந்து நின்றதாம். அதன் மேனேஜர் தலைக்கு மேல் நின்றுகொண்டு அவசரப்படுத்தினாராம். அலமாரியில் நான் காயவைத்திருந்தது அந்த வண்டிக்கும் பொருந்துகிற அளவு. எடுத்து மாட்டிவிட்டான். என்னிடம் சொன்னால் சண்டை போடுவேன் என்று சொல்லவில்லை. நிதானத்துக்கு மூட்டையிலிருந்து ஒன்றைத் தேற்றிப் போட்டான். அவர் மெதுவாகப் போகிற ஆள், ரெண்டு மாதம் தாங்கும், அதற்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்தானாம்.

"அந்தப் பொண்ணுக்கு ஆறு தையல்ணா."

"அதனாலதான் சொல்றேன். உன் தப்புன்னு சொல்லிடு. உன்மேல அவருக்குப் பிரியம், மன்னிச்சிடுவாரு. நான்னு தெரிஞ்சா கடையே போச்சு. கடை போனா நீ எங்க போவ?"

கடைசிக் கேள்வியை அவன் அதுவரை கேட்டதே இல்லை. சண்டையில்கூடச் சொல்லிக்காட்டாதவன். ஆனாலும் அந்த மேஜையைத் துடைத்துக் கொடுத்த கையை நினைத்துக்கொண்டேன்.

நிதானம் அண்ணன் திரும்பி வந்து, என்னம்மா ஆச்சு என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லிவிடுவான் என்று கடைசி நொடிவரை ஒரு நப்பாசை. அவன் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே துடைத்த ஸ்பேனர்.

"என் தப்புதாண்ணே. சுத்து சரியா விழல."

அவர், "உன் கையிலயாம்மா இப்படி ஆகும்?" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை. என் வேலையை நம்பி மகளை ஏற்றிக்கொண்டு போனவரிடம், என் வாயால் பொய் சொல்லிவிட்டு நிற்கிறேன்.

அதோடு விட்டிருந்தாலும் அந்தப் பொய்யைச் சாகும்வரை சுமந்திருப்பேன். அண்ணன் விடவில்லை. ஸ்பேனரை வைத்துவிட்டு வந்து, அவர் தோளில் கை போட்டான்.

"காலையிலயே சொன்னேனேண்ணே. கொஞ்ச நாளாவே இவளுக்குக் கவனம் இல்ல. வீட்டு நெனப்பு. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்."

காலையிலேயே. நான் வருவதற்கு முன்னால். கூட்டைப் பிரிப்பதற்கு முன்னால். என்னிடம் கெஞ்சுவதற்கு முன்னால். நான் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் பழி எனக்கென்று எழுதி முடித்தாகிவிட்டது. என்னைக் கேட்டது சும்மா ஒரு மரியாதைக்கு. நிதானம் அண்ணன் ஏன் தரையைப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஊர் சொல்லும். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்திருந்தால் என்ன செய்வது என்று ஊர் சொல்லவில்லை.

நிதானம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், இனிமேல் நம் வண்டியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவனிடம் சொன்னார். இதையும் நீங்களே சுற்றிக் கொடுங்கள், எவ்வளவு நேரமானாலும் இருந்து வாங்கிப் போகிறேன் என்றார்.

"கண்டிப்பாண்ணே. நானே பண்றேன்" என்றான் என் அண்ணன்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். வாடிக்கையாளரிடம் எப்போதும் அப்படித்தான் சொல்வான். சொன்னபிறகு நான் செய்வேன். அது அவன் வழக்கம். இந்த முறை நான் எழுந்தேன். சுத்தம் செய்து வைத்திருந்த வெறும் வளையம் ஒன்றை எடுத்து மேஜை நடுவில் வைத்தேன். பேப்பர், செம்புக் கம்பிச் சுருள், நூல், கத்தரி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தேன். என் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருண்ணா."

அவன் என்னைப் பார்த்தான். நிதானம் அண்ணன் நின்றுகொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். நான் வாடிக்கையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை.

பேப்பரை வெட்டினான். அகலம் தப்பு. இன்னொன்று வெட்டினான். கம்பியின் நுனியைப் பிடித்து ஒரு காடியில் விட்டான், எடுத்தான், பக்கத்துக் காடியில் விட்டான். முப்பத்தாறு காடியில் எதில் ஆரம்பித்து எதில் திரும்புவது என்று அவனுக்குத் தெரியாது. கழுத்தில் வேர்த்தது. என் பக்கம் திரும்பி, இங்க வா ஒரு நிமிஷம் என்று சாதாரணமாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான்.

"எனக்குத்தான் கவனம் பத்தாதே" என்றேன்.

நிதானம் அண்ணன் எதையும் அவசரமாகச் செய்யாதவர். அவனுடைய கைகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கருகிய ஸ்டேட்டரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, இது யார் சுற்றினது, உண்மையைச் சொல்லும்மா என்றார்.

"தெரியாதுண்ணே. நான் சுத்தினது வேற வண்டியில ஓடிட்டு இருக்கு. உங்களுக்கு ஏன் அது வரலன்னு அண்ணன்கிட்ட கேளுங்க."

அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. லாரியில் இருந்து தன் துண்டை எடுத்துக்கொண்டு, வேறு பட்டறையில் இருந்து ஆள் அனுப்பி வண்டியை இழுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அண்ணன் கம்பியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கண் நிறைந்திருந்தது.

"கூடப் பொறந்தவளே இப்படிக் காட்டிக் குடுப்பியா?" என்றான்.

அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவனுக்கு நிஜமாகவே வலித்தது. துரோகம் செய்தவள் நான்தான் என்று என் அண்ணன் மனதார நம்பினான்.