அழகம்மாளுக்காக அமுதவல்லி பேசியது

மைக்கை யாருக்கும் விட்டுத்தரக் கூடாது என்ற முடிவோடுதான் காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு அமுதவல்லி வந்திருந்தாள். ஊருக்குப் பகுதிநேர ரேஷன் கடை வரப்போகிறது. அது காட்டாற்றுக்கு மேற்கே, அவள் தெருவில் வரவேண்டும். மேற்கே அடுத்த ஊர்க் கடையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அரிசி சுமந்து கழுத்து தேய்ந்தது போதும்.

ஆற்றின் மறுகரையில் உள்ள கிழக்குத் தெருவுக்காகப் பேச வேண்டியவள் அழகம்மாள். ஒரே தட்டில் சாப்பிட்ட இருவரும் எதிரெதிர்க் கட்சியில் சேர்ந்தபின் பேசுவதில்லை. முந்தாநாள் கட்சி ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்டதில் அழகம்மாளுக்குத் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. அவள் தெருவில் மைக் பிடிக்க வேறு யாருக்கும் தைரியமில்லை.

ஊராட்சித் தலைவர் அறிவுச்செல்வன் யோசித்தார். "அமுதவல்லியக்கா, அவங்க ஒங்க காதுல சொல்லட்டும். நீங்க மைக்குல சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம."

"எனக்கு எதிரா நானே பேசணுமாக்கும்" என்றாள் அமுதவல்லி. ஆனால் மறுத்தால் மைக்கை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டியிருக்கும்.

அழகம்மாள் பக்கத்தில் நகர்ந்து வந்து காதில் ஊதினாள். அமுதவல்லி செருமிக்கொண்டாள்.

"மேக்குத்தெரு அமுதவல்லி பேச்ச நம்பாதீங்க. அவ ஒண்ண ஒம்பதா சொல்லுவா."

பந்தலே சிரித்தது. அமுதவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போன கார்த்திகையில அரிசி மூட்டையோட ஆத்துல எறங்கினேன். இடுப்பளவு தண்ணி. கால் வழுக்கி மூட்டை போச்சு."

மேற்குத் தெருவில் வேடிக்கையாக உலவிய கதை அது. அமுதவல்லியும் சிரித்தவள்தான். அடுத்ததைக் கேட்டதும் அழகம்மாளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போயி, கடை பூட்டிக் கெடந்துச்சுன்னு பிள்ளைககிட்ட பொய் சொன்னேன்."



"அது அழகம்மாக்கா பேச்சு. இனி என் பேச்சு" என்றாள் அமுதவல்லி. "கடை மேக்கதான் வரணும். அங்கிட்டுதான் அட்டை அதிகம். அதுல மாத்தமில்ல. வாரத்துல ரெண்டு நாள்தான தெறக்கப்போறாங்க? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் அதுல ஒரு நாள் கிழக்குத்தெரு சமுதாயக்கூடத்துல வச்சு அரிசி போடட்டும்."

இரண்டு தெருவிலும் கைகள் உயர்ந்தன. செயலாளர் தீர்மானம் எழுதக் குனிந்தார். அழகம்மாள் மறுபடி காதுக்கு வந்தாள்.

"தலைவரே, மூணு மாசம் பத்தாதாம். தையும் சேத்து நாலு வேணுமாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"தையில ஏதுங்க வெள்ளம்? மூணுதான். ஆனா அக்கா கேட்டதையும் எழுதிக்கங்க."

அழகம்மாள் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அமுதவல்லி இடுப்பைத் தடவிக்கொண்டாளே தவிர, நகர்ந்து உட்காரவில்லை.