பிறந்த வீட்டுக் கோடி

குளிப்பாட்டிக் கூடத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்த தேவகியின் தலையைத் துவட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள் மகள் இளவரசி. பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வராமல் எந்தப் பெண்ணின் பாடையையும் தூக்குவதில்லை. கொண்டுவர மிச்சமிருப்பது ஒரே அண்ணன், நமச்சிவாயம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் இந்தப் படியேறிப் பல வருடம் ஆகிறது.

தேவகி டீச்சராக இருந்து ஊரின் முதல் பெண் சேர்மன் ஆனவள். பெண்கள் பள்ளிக்குப் போகும் வழியை அடைத்திருந்ததையெல்லாம் இடிக்கச் சொன்னாள். முதலில் இடிபட்டது அண்ணனின் தறிக்கொட்டகை. வேறு யாராக இருந்தாலும் அதை மட்டும் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள். அந்த வழியில் படிக்கப் போன நெசவாளர் வீட்டுப் பெண்கள்தான் இன்று டாக்டராகவும் வக்கீலாகவும் வாசலை நிறைத்து நின்றார்கள்.

"கட்சி ஆளுங்க கடையில ஒண்ணு வாங்கினு வரேன்றாங்க. நேரம் ஆவுதுமா" என்றாள் அத்தை அலமு.

"கடைச் சேலைய கோடின்னு போத்திக்கினு எங்கம்மா போவாது அத்தை. மாமா வரட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, இளவரசியின் கண் வாசலிலேயே இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷியை ஊர் முன்னால் நாதியற்றவளாக அனுப்பிவிடுவோமோ என்று பயந்தாள்.

வெயில் ஏறிய பிறகு நமச்சிவாயம் வந்தார். வேட்டியில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. அவர் நீட்டிய அரக்குச் சேலையை அலமு பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, முந்தியே காணோம்."

"இன்னும் நெய்யல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா குடுக்கலாம்னு தறியில போட்டேன். காலைல சேதி வந்துது. அப்டியே அறுத்துக்கினு வந்துட்டேன்."

அரைகுறைச் சேலையைப் போர்த்தலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். இளவரசி காதில் வாங்கவில்லை. "நீங்களே போத்துங்க மாமா" என்றாள்.

நமச்சிவாயம் கழுத்துவரை போர்த்தி, சுருக்கம் போக நீவிவிட்டார்.

"மொதல்ல என்னுதத்தான் இடிச்சா" என்றார், யாரையும் பார்க்காமல். "அண்ணன்னு வுட்டுட்டு அடுத்தவன்து மேல கைய வெச்சிருந்தா, நானே காறித் துப்பியிருப்பேன்."

இளவரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

பாடை கிளம்பியபோது தெருவை அடைத்துக்கொண்டு பைக்குகளும் ஆட்டோக்களும் நின்றன. தோள் கொடுக்கப் போன நமச்சிவாயம் அதைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். இரண்டு கைகளையும் விரித்து ஒவ்வொருவரையும் ஓரம் கட்டினார்.

"வழி வுடுங்கபா. சேர்மன் அம்மா போறாங்க."